ரத்தம் எடுக்காம ஹார்ட் தழும்ப எம்ஆர்ஐயில அளந்திருக்காங்க, அம்மாவோட ரிப்போட்ட நம்பலாமா?

மஸ்கெலியா_மக | ஞாயிறு இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். நீளமா தான் எழுதுறேன், ஒரு வாரமா மனசுல போட்டு உழப்பிக்கிட்டு இருக்கேன், தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

அம்மாவுக்கு 61 வயசு. மஸ்கெலியா பக்கம் தேயிலத் தோட்டத்துல 34 வருஷம் கொழுந்து எடுத்தவங்க. பிரஷர் பத்து வருஷத்துக்கு மேல இருக்கு, மாத்திரை ஒழுங்கா போடுவாங்கனு சொல்ல முடியாது, கிளினிக் போனா ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போயிரும்னு வேலை செஞ்ச காலத்துல பாதி நாள் போகவே இல்ல. போன வருஷக் கடைசியில இருந்து மேட்டுல ஏறுனா மூச்சு வாங்குது, லயத்துல இருந்து கோயிலடிக்கு ஏறுற படியில ரெண்டு தடவ குந்திட்டு தான் போறாங்க. எக்கோ எடுத்ததுல ஹார்ட்டோட செவுரு 14 மில்லிமீட்டர் தடிப்புனு வந்திச்சு. டொக்டர் சொன்னாரு இது பிரஷரால தடிச்சதா, பரம்பரையா வர்ற தடிப்பா, இல்ல அமைலொய்ட்னு ஒரு புரதம் போய் படிஞ்சதா, உள்ளுக்க தழும்பு எவ்வளவு இருக்குனு பாக்கணும், கார்டியக் எம்ஆர்ஐ எடுங்கனு.

கடன உடன வாங்கி கொழும்புல ஒரு தனியார் எடத்துல எடுத்தோம். ராத்திரி பஸ்ஸுல போனோம். உலோகம் ஒண்ணும் இருக்கக்கூடாதுனு சொன்னதும் தாலிய கழட்ட மாட்டேன்னு ஒரே அழுக, கடைசியில ஒரு மஞ்சக்கயிறு கட்டிவிட்டு தான் கொடிய கழட்டுனேன். மூக்குத்தி முப்பது வருஷமா கழட்டாதது, திருகாணி சதையோட ஒட்டிப்போயிருந்திச்சு, தேங்காயெண்ண தடவி தடவி அர மணி நேரம் போச்சு. கையில ஊசி போட்டு மருந்து ஏத்துனாங்க, ஆனா ரத்தம் ஒரு சொட்டும் எடுக்கல.

இப்ப ரிப்போட்டுல பெரிய தழும்பு ஒண்ணும் இல்லனு எழுதியிருக்கு, அது சந்தோஷம். அதுக்குக் கீழ "ஈசிவி 27%, சிந்தெட்டிக் ஹீமட்டோக்ரிட் 38%" அப்படினு ஒரு வரி. பக்கத்து டிவிஷன்ல ஒரு தம்பி லேப்ல வேலை செய்யுறாரு, அவரு பாத்துட்டு இதுக்கு ரத்தம் எடுத்து பாத்திருக்கணுமே அக்கா, எடுக்காம எப்படி 38னு போட்டாங்கனு கேட்டுட்டாரு. அதுல இருந்து தூக்கம் இல்ல. அம்மாவோட கிளினிக் கொப்பியில ரெண்டு மாசத்துக்கு முந்தி எடுத்த பிசிவி 31னு இருக்கு. ரத்தமே எடுக்காம தழும்ப அளக்க முடியுமா? இல்ல ஏமாத்திட்டாங்களா?

பெட்டிக்குள்ள_சத்தம் | ஞாயிறு இரவு 10.02

தங்கச்சி, மொதல்ல மனச தேத்திக்கங்க, யாரும் ஏமாத்தல. நான் பதினாலு வருஷமா எம்ஆர்ஐ மெஷின்ல வேலை செய்யுறவன், தலவாக்கலை பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவன், அதனால நம்ம பாஷையிலயே சொல்றேன்.

ஹீமட்டோக்ரிட்டுனா வேற ஒண்ணும் இல்ல, டெங்கு வந்தா ஆறு மணிக்கொரு தடவ பிசிவி பிசிவினு பாப்பாங்களே அதே தான். ரத்தத்துல செவப்பணு எத்தன வீதம்னு சொல்ற கணக்கு.

இனி தழும்பு. ஹார்ட்டுல தழும்பு ரெண்டு மாதிரி. ஒண்ணு ஒரே எடத்துல திட்டா இருக்கறது, ஹார்ட் அட்டாக் வந்த எடத்துல வர்ற மாதிரி. கடோலினியம்னு ஒரு மருந்த ஏத்திட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சு படம் எடுத்தா நல்ல சதை கருப்பாவும் அந்த திட்டு வெள்ளையாவும் தெரியும். உங்க அம்மாவுக்கு அது இல்லனு தான் ரிப்போட் சொல்லுது. ரெண்டாவது மாதிரி, சதை பூராவும் சன்னமா பரவுன நார். இது அந்தத் திட்டு காட்டுற படத்துல தெரியாது, ஏன்னா அந்தப் படம் நல்ல எடத்தையும் கெட்ட எடத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு தான் வித்தியாசம் காட்டும், எல்லா எடமும் ஒரே அளவு கெட்டிருந்தா எத எதோட ஒப்பிடும்? அதுக்குத் தான் ஈசிவி.

ஒரு தேயில மலைய மேல இருந்து பாக்குறதா நெனச்சுக்கங்க. தேயிலச் செடி தான் ஹார்ட்டோட உயிரணு. செடிக்கும் செடிக்கும் நடுவுல உள்ள எடவெளி தான் ஈசிவி. கடோலினியம் செடிக்குள்ள போகாது, எடவெளியில மட்டும் தண்ணி மாதிரி நிக்கும். நல்ல ஹார்ட்டுல எடவெளி சுமாரா 25 வீதம், கொஞ்சம் கூடக் கொறைய. நார் படிஞ்சா எடவெளி கூடும். அமைலொய்ட் படிஞ்சா ரொம்பவே கூடும், பெரும்பாலும் 40க்கு மேல போயிரும்.

இப்ப பிசிவி எங்க வருது? சதையில எவ்வளவு மருந்து நிக்குதுனு தனியா பாத்தா அர்த்தம் இல்ல, ரத்தத்துல எவ்வளவு நிக்குதுனு சேத்துப் பாக்கணும். மருந்து செவப்பணுக்குள்ளயும் போகாது, ரத்தத்தோட தண்ணிப் பாகத்துல தான் நிக்கும். ஆக ரத்தத்துல தண்ணிப் பாகம் எவ்வளவுனு தெரியணும்னா செவப்பணு எவ்வளவுனு தெரியணும். அதுக்குத் தான் பிசிவி. வழக்கமா ஊசி குத்துறப்பவே கொஞ்சம் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவோம். அத எடுக்காம செய்யவும் ஒரு வழி இருக்கு, அந்த "சிந்தெட்டிக்" அது தான்.

பேராதனை_பிஸிக்ஸ் | ஞாயிறு இரவு 11.20

அண்ணே நல்லா சொன்னீங்க, அந்த வழி எப்படி வேலை செய்யுதுனு நான் சொல்றேன், பேராதனையில பௌதிகவியல் படிச்சவன், படிக்கறப்ப இதப் பத்தி தான் ஒரு ப்ரொஜெக்ட் செஞ்சேன்.

எம்ஆர்ஐயில டி1னு ஒரு நேரம் இருக்கு. ரேடியோ அலை தட்டிவிட்ட புரோட்டன் (தண்ணியில உள்ள ஹைட்ரஜனோட கரு) திரும்ப பழைய நெலைக்கு வர எடுக்குற நேரம், மில்லி செக்கன்ல அளப்பாங்க. 1.5 டெஸ்லா (காந்தத்தோட பலத்த சொல்ற அளவு) மெஷின்ல ரத்தத்தோட டி1 சுமாரா 1500, 1600 வரும். ரத்தத்துல செவப்பணு கூடக்கூட இந்த நேரம் கொறையும். டி1ஐ தலைகீழா ஆக்குனா, அதாவது 1ஐ டி1ஆல வகுத்தா, அது பிசிவியோட கிட்டத்தட்ட நேர்கோட்டுல போகும். அப்ப ஹார்ட்டோட அறைக்குள்ள நிக்கிற ரத்தத்தோட டி1 எப்படியும் அந்தப் படத்துலயே இருக்கு, அத வச்சு பிசிவி எவ்வளவா இருக்கும்னு கணிக்கலாம். லண்டன்ல ஒரு குழு 2016ல இத நூத்துக்கணக்கான நோயாளிகள வச்சு செஞ்சு காட்டுனாங்க, ரத்தம் எடுத்து செஞ்ச ஈசிவியும் எடுக்காம செஞ்ச ஈசிவியும் நல்லா ஒத்துப்போச்சு. ஆக உங்க ரிப்போட்டுல உள்ள 38 யாரோ மனசுல தோணுனத எழுதுன நம்பர் இல்ல, உங்க அம்மாவோட ரத்தத்துல இருந்தே மெஷின் கணிச்ச நம்பர்.

ஆனா பிரச்சின இருக்கு அக்கா, மறைக்க விரும்பல. அந்த நேர்கோடு எந்த ஊர் மெஷின்ல, எந்த மாதிரி ஆக்கள வச்சு போட்டதுங்கிறது முக்கியம். 1.5 டெஸ்லாவுக்கு போட்ட கோட்ட 3 டெஸ்லாவுக்கு பாவிக்க முடியாது, டி1 எடுக்குற முறை மாறுனாலும் கோடு மாறும். பின்னால செஞ்சு பாத்த பல எடங்கள்லயும் ஒவ்வொரு எடமும் தன்னோட மெஷினுக்கு தானே கோடு போட்டுக்கணும்னு தான் சொன்னாங்க.

இன்னொண்ணு. புள்ளிகள் எல்லாம் கோட்டு மேலயே உக்காராது, மேலயும் கீழயும் செதறி தான் இருக்கும். அப்படி செதறல் உள்ள கோட்ட வச்சு கணிச்சா அது எப்பவும் நடுவுக்கு இழுக்கும். பிசிவி ரொம்ப கொறைஞ்சவங்களுக்கு கொஞ்சம் கூட்டிச் சொல்லும், ரொம்ப கூடுனவங்களுக்கு கொஞ்சம் கொறச்சுச் சொல்லும். உங்க அம்மாவுக்கு நெசத்துல 31 இருந்து மெஷின் 38னு சொன்னா அது இந்த இழுப்பு தான்னு நெனைக்கிறேன்.

கணக்கு இது தான்: ஈசிவி = (1 − பிசிவி) பெருக்கல் ஒரு விகிதம், அதாவது சதையில நிக்கிற மருந்துக்கும் ரத்தத்துல நிக்கிற மருந்துக்கும் உள்ள விகிதம். அந்த விகிதம் படத்துல இருந்து வருது, கணக்குல எந்த பிசிவிய போட்டாலும் அது மாறாது. பிசிவி 38னா 1ல 0.38 போக 0.62, 27ஐ 0.62ஆல வகுத்தா 43.5. இப்ப 31 போட்டா 0.69 பெருக்கல் 43.5, அதாவது 30. படம் அதே படம், ஹார்ட் அதே ஹார்ட், 27 போய் 30 ஆயிருச்சு.

மஸ்கெலியா_மக | திங்கள் காலை 5.48

தம்பி நீங்க எழுதுனத நாலு தடவ வாசிச்சேன், கடைசிக் கணக்க நானே தாள்ல போட்டுப் பாத்தேன், சரியா 30 வருது. அப்ப 27 பொய், 30 தான் நெசமா? 30னா அம்மாவுக்கு தழும்பு இருக்குனு அர்த்தமா? ஸ்கூலுக்குப் போகணும், பின்னேரம் வந்து பாக்குறேன், தயவு செஞ்சு எழுதி வைங்க.

லிந்துலை_அக்கா | திங்கள் காலை 8.30

மகள், அவசரப்படாதீங்க. நான் 29 வருஷம் வாட்டுல நர்ஸ் மிஸ்ஸியா வேலை செஞ்சவ, எத்தனையோ பேருக்கு பிசிவி எடுத்திருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன். ரத்தம் எடுத்துட்டா அந்த நம்பர் கல்லுல வெட்டுன எழுத்துனு நெனைக்காதீங்க. ஒரே ஆளுக்கு நடந்து வந்த கையோட எடுத்தா ஒண்ணு, அர மணி நேரம் கட்டில்ல படுக்க வச்சிட்டு எடுத்தா வேற ஒண்ணு. படுத்தா கால்ல எறங்குன தண்ணியெல்லாம் ரத்தத்துக்குத் திரும்பி வந்து பிசிவி ரெண்டு மூணு கொறையும். சேலைன் ஏத்துன கையில எடுத்தா கேக்கவே வேணாம். உங்க கொப்பியில உள்ள 31 ரெண்டு மாசம் பழசு. அந்த நேரம் அம்மாவுக்கு காய்ச்சலா, வயித்தோட்டமா, என்னானு யாருக்குத் தெரியும்? அந்தப் பழைய நம்பர எடுத்து இன்னைக்கு ஸ்கேன் மேல போட்டு 30னு பயப்படுறது சரியில்ல.

ஆனா ஒண்ணு, எனக்கும் மனசுல உறுத்துது. தோட்டத்துல கொழுந்து எடுத்த பொம்பளைகள்ல ரத்தம் கொறையாதவங்கள நான் பாத்தது கொஞ்சம் தான். கண்ணிமைக்குள்ள வெளுத்து, நகம் வெளுத்து, "எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ்ஸி, கால் தான் கடுக்குது"னு சொல்லிக்கிட்டே வருவாங்க, ஹீமோக்ளோபின் பாத்தா ஒம்போது இருக்கும். அந்த நேர்கோட்டப் போட்டப்ப நம்ம அம்மாமார் அதுல இருந்தாங்களானு தான் எனக்குக் கேக்கத் தோணுது.

பேராதனை_பிஸிக்ஸ் | திங்கள் மதியம் 12.55

அக்கா நீங்க சொன்ன படுக்குறது நிக்கிறது விஷயம் ரொம்ப முக்கியம், சிந்தெட்டிக் முறைக்கு சாதகமான பேச்சே அது தான். ஸ்கேன் எடுக்குற அதே நிமிஷம், அதே படுத்த நெலையில, ஹார்ட்டுக்குள்ளயே இருக்குற ரத்தத்த வச்சு கணிக்குது. லேப் மெஷினுக்கு மெஷின் வர்ற வித்தியாசமும் அதுல இல்ல. பழைய ஸ்கேன்கள எடுத்து ஆராய்ச்சி செய்யுறவங்களுக்கும், ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாத எடங்களுக்கும் அது பெரிய ஒதவி. நான் அந்த முறைய கொற சொல்லவே இல்ல.

நான் சொல்றது ஒரே விஷயம். பிசிவியில வர்ற பிழை மூணுனா ஈசிவியில வர்ற பிழை ஒண்ணே கால் தான். பிழை ஏழுனா மூணு. நடுவுல உள்ளவங்களுக்கு ஒண்ணே கால் பெரிய விஷயம் இல்ல. ரத்தசோகை உள்ளவங்களுக்கு அந்த மூணு ஆள இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் தள்ளிரும். ரத்தம் எடுக்காத முறை யாருக்கு ரொம்ப ஒதவணும்னு நாம ஆசப்படுறோமோ, லேபுக்கு அலைய முடியாத நம்ம ஆக்களுக்கு, அவங்களுக்குத் தான் அது கூடுதலா சறுக்குது.

பெட்டிக்குள்ள_சத்தம் | திங்கள் மாலை 6.40

தங்கச்சி உங்க கேள்விக்கு நேரா வாறேன். 27ஓ 30ஓ, ரெண்டுமே டொக்டர் கேட்ட பெரிய கேள்விக்கு ஒரே பதில் தான் சொல்லுது. அமைலொய்டுனா 40, 50னு நிக்கும், அது கிட்டயும் இல்ல. பரம்பரைத் தடிப்புல வழக்கமா வர்ற திட்டுத் தழும்பும் இல்லனு எழுதியிருக்கு. மிச்சம் இருக்கறது பிரஷர் தான் முக்காவாசி. பிரஷரால தடிச்ச ஹார்ட்டுல 27ம் வரும், 30ம் வரும். அதனால இன்னைக்கு மருந்து மாறப்போறது இல்ல.

அப்ப ஏன் மெனக்கெடணும்னு கேட்டா, அடுத்த ஸ்கேனுக்காக. ரெண்டு வருஷம் கழிச்சு எடுக்குறப்ப அந்த எடத்துல ரத்தம் எடுத்து ஒழுங்கா கணக்குப் போட்டு 30னு வந்தா, பழைய ரிப்போட்டுல 27, ஐயோ தழும்பு கூடிருச்சேனு எல்லாரும் பதறுவாங்க. கூடியிருக்காது, கணக்கு தான் மாறியிருக்கும். ஆக இந்த வாரமே ஒரு எஃப்பிசி (பிசிவியும் சேந்து வர்ற முழு ரத்த டெஸ்ட்) எடுத்து, அந்தத் தாள ஸ்கேன் ரிப்போட்டோட சேத்து ஸ்டேப்பிள் அடிச்சு கிளினிக்குக்கு கொண்டு போங்க.

அதோட ஒண்ணு கேக்கணும். உள்ள போனப்ப மூச்ச புடிக்க சொன்னது அம்மாவுக்கு வெளங்குச்சா? டி1 படம் எடுக்க பத்து பன்னெண்டு செக்கன் மூச்சு அசையாம நிக்கணும். ஏழெட்டு படத்த ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி தான் டி1 கணக்கு வரும், நடுவுல மூச்சு விட்டா ஹார்ட் நகந்துரும், சதை இருக்க வேண்டிய எடத்துல ரத்தம் வந்துரும். ரத்தத்தோட எடவெளி 60 வீதம், அது கொஞ்சம் கலந்தாலும் ஈசிவி பொய்யா ஏறும். பிசிவி பிழையவிட இத நான் அடிக்கடி பாக்குறேன்.

மஸ்கெலியா_மக | திங்கள் இரவு 8.15

அண்ணே இத யாரும் கேக்கல, நீங்க தான் கேட்டீங்க. அம்மாவுக்கு கடைத்தெரு சிங்களம் தெரியும், ஆனா அந்த பெட்டிக்குள்ள காதுல மாட்டி, டம் டம்னு சத்தத்துக்கு நடுவுல "ஹுஸ்ம கன்ன, அல்லாகென இன்ன"னு (மூச்ச இழுங்க, புடிச்சுக்கிட்டு இருங்கனு) வேகமா சொன்னது புடிபடலயாம். மொத நாலஞ்சு தடவ எப்ப விடணும்னு தெரியாம எடையில விட்டுட்டேன்னு வெளிய வந்து சொல்லி அழுதாங்க. நான் கதவடியில தான் நின்னேன், உள்ள வந்து தமிழ்ல சொல்லவானு கேட்டேன், வேணாம்னுட்டாங்க. அந்த எடத்தோட பேர நான் எழுத விரும்பல. ஆனா மனசு ஆறல. காசு குடுத்து போயும் ரெண்டு வார்த்தை தமிழ்ல சொல்ல ஒரு ஆள் இல்லையே.

பெட்டிக்குள்ள_சத்தம் | திங்கள் இரவு 9.03

வாசிக்கவே கஷ்டமா இருக்கு தங்கச்சி. நான் வேலை செய்யுற எடத்துல தமிழ் ஆக்கள் வந்தா நானே மைக்ல சொல்லுவேன், "மூச்ச இழுங்க, வெளிய விடுங்க, அப்படியே நிறுத்துங்க". நான் லீவுனா அடுத்தவங்க சொல்லட்டும்னு சிங்கள எழுத்துல அந்த மூணு வரியையும் எழுதி மெஷின் பக்கத்துல ஒட்டி வச்சிருக்கேன். செய்யுறது இவ்வளவு லேசு.

ஆனா ரிப்போட்டுல படத்தோட தரம் பத்தி ஒரு வரி இருக்கும், பாருங்க. டி1 படம் சரியில்லனா எழுதியிருப்பாங்க, இல்ல திரும்ப எடுத்திருப்பாங்க. அடுத்த தடவைக்கு வீட்டுலயே பழக்குங்க. பாயில மல்லாக்க படுக்க வச்சு, மூச்ச முழுசா வெளிய விட்டுட்டு நிறுத்த சொல்லி பன்னெண்டு வரைக்கும் எண்ணுங்க. இழுத்துப் புடிக்கறத விட வெளிய விட்டு நிறுத்துனா தான் ஒவ்வொரு தடவையும் ஹார்ட் ஒரே எடத்துல நிக்கும்.

ஊவா_காத்து | செவ்வாய் காலை 7.10

நடுவுல வாறேன், மன்னிக்கணும். "ரத்தம் எடுக்காம"னு தலைப்புல பாத்துட்டு வந்தேன். எங்க மாமா கிராந்துருகோட்டை பக்கம் வயல் செய்யுறவரு, அங்கிட்டு கிட்னி நோய் எவ்வளவுனு எல்லாருக்கும் தெரியும். அவருக்கு எம்ஆர்ஐ எழுதுனப்ப கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுனு பாக்குற ரத்த டெஸ்ட்) பாத்துட்டு வாங்கனு திருப்பி அனுப்பிட்டாங்க. இந்தப் புது முறையில அதுவும் தேவையில்லையா?

பெட்டிக்குள்ள_சத்தம் | செவ்வாய் மாலை 7.25

இல்ல, ரெண்டும் வேற வேற, இத நல்லா வெளங்கிக்கணும். சிந்தெட்டிக் முறை மிச்சப்படுத்துறது பிசிவிக்கு எடுக்குற ரத்தத்த மட்டும் தான். ஊசியும் மருந்தும் அப்படியே தான். கிரியேட்டினின் கேக்குறது கடோலினியம் கிட்னி வழியா தான் வெளிய போகும்கிறதால. கிட்னி ரொம்ப பழுதானவங்களுக்கு பழைய வகை கடோலினியத்தால தோல் இறுகிப் போற ஒரு கொடிய வியாதி வருதுனு 2006ல தான் கண்டுபுடிச்சாங்க. இப்ப பாவிக்கிற வளைய வடிவ மருந்துல அந்த ஆபத்து மிக மிகக் கொறவு, ஆனாலும் உங்க மாமா ஊருக்கு கிரியேட்டினின் பாக்காம ஏத்த நான் சம்மதிக்க மாட்டேன், அந்த ஆஸ்பத்திரி திருப்பி அனுப்புனது சரி தான்.

மருந்தே வேணாம், ஊசியே வேணாம்னா மருந்துக்கு முந்தி எடுக்குற டி1 படம் மட்டும் எடுக்கலாம். நார் படிஞ்சா டி1 கூடும், அமைலொய்டுல ரொம்ப கூடும், தலசீமியாக்காரங்களுக்கு இரும்பு படிஞ்சா கொறையும். ஆனா வீக்கத்துலயும் கூடும், மெஷினுக்கு மெஷின் மாறும், அதனால அத ஒரு தடயமா தான் எடுக்கலாம், அளவுகோலா எடுக்க ஏலாது.

கம்பளை_அண்ணே | புதன் இரவு 9.50

இந்த இழைய மூணு நாளா வாசிக்கிறேன், என் அப்பா கதைய எழுதாம இருக்க முடியல. அப்பாவுக்கு பெருநாடி வால்வு சுருங்கிப் போய் போன வருஷம் வால்வு மாத்துனாங்க. ஒபரேஷனுக்கு முந்தி ஈசிவி 28. ஒரு வருஷம் கழிச்சு எடுத்தா 30, ரெண்டு தடவையும் ரத்தம் எடுத்து தான் செஞ்சாங்க. அம்மா விரதம் இருந்து நேத்தி வச்சு செஞ்ச ஒபரேஷன், தழும்பு கொறையும்னு தானே நெனச்சோம், கூடிருச்சேனு வீட்டுல யாரும் சாப்பிடல அன்னைக்கு. அப்பா என்னமோ மேட்டுல ஏறி இறங்குறாரு நல்லா. டொக்டர் "இது நல்ல ரிப்போட்"னு சொன்னாரு, ஏன்னு கேக்க அந்த நேரம் வாய் வரல.

பெட்டிக்குள்ள_சத்தம் | புதன் இரவு 10.35

அண்ணே உங்க டொக்டர் சொன்னது முழுக்க சரி. திரும்ப தேயில மலைக்கே வாங்க. கவ்வாத்து வெட்டுனதும் மலைய பாத்திருக்கீங்க தானே, செடியெல்லாம் குட்டையாகி நடுவுல மண்ணு தான் பெருசா தெரியும். மண்ணு கூடுச்சா? கூடல, செடி சுருங்குச்சு.

சுருங்குன வால்வுக்கு எதிரா வருஷக்கணக்கா தள்ளித் தள்ளி ஹார்ட்டோட உயிரணு ஒவ்வொண்ணும் ஊதிப் போயிருந்திச்சு. வால்வ மாத்துனதும் மொதல்ல சுருங்குறது அந்த உயிரணு தான், வேகமா சுருங்கும். நார் மெதுவா தான் கரையும். ஈசிவிங்கிறது வீதம், அதனால செடி வேகமா சுருங்குனா எடவெளி வீதம் ஏறுன மாதிரி தெரியும். ரிப்போட்டுல ஹார்ட் சதையோட எடை கிராம்ல இருக்கும், பாருங்க. ஒரு பேச்சுக்கு முந்தி 170 கிராம், இப்ப 130னு வைங்க. 170ல 28 வீதம் 48 கிட்ட, 130ல 30 வீதம் 39. எடவெளியோட மொத்த அளவு கொறைஞ்சிருக்கு, வீதம் தான் ஏறியிருக்கு. வால்வு மாத்துனவங்கள வச்சு செஞ்ச ஆராய்ச்சியிலயும் இதையே தான் கண்டாங்க.

கம்பளை_அண்ணே | வியாழன் காலை 6.05

எடுத்துப் பாத்தேன் தம்பி. முந்தி 182, இப்ப 139. கணக்குப் போட்டா 51 போய் 42 ஆயிருக்கு. அம்மாவ எழுப்பி சொல்லிட்டேன். எழுத வார்த்தை இல்ல, நல்லா இருங்க.

மஸ்கெலியா_மக | அடுத்த வெள்ளி இரவு 8.44

எல்லாரும் அம்மாவ விசாரிச்சீங்க, அதனால நடந்தத எழுதுறேன். செவ்வாக்கிழம எஃப்பிசி எடுத்தோம், லிந்துலை அக்கா சொன்ன மாதிரி இருவது நிமிஷம் பெஞ்சுல படுக்க வச்சிட்டு எடுக்க சொன்னேன், லேப் தம்பி ஏன் எதுக்குனு கேட்டாரு, இந்த இழைய போன்ல காட்டுனேன். ஹீமோக்ளோபின் 10.6, பிசிவி 32. அப்ப ஈசிவி 29.6.

நேத்து கிளினிக்குல டொக்டர்கிட்ட ரெண்டு தாளையும் சேத்து குடுத்தேன். மொதல்ல அவரும் 27 பிரச்சினை இல்லம்மானு தான் சொன்னாரு. பிறகு பிசிவிய பாத்துட்டு பேசாம கொஞ்ச நேரம் இருந்தாரு, கால்குலேட்டர்ல தட்டிப் பாத்தாரு, பேனாவால 27க்குப் பக்கத்துல "பிசிவி 32இன்படி சுமார் 30"னு எழுதி தேதி போட்டு கையெழுத்து வச்சாரு. அமைலொய்ட் இல்ல, பிரஷரால வந்தது தான்னு உறுதியா சொன்னாரு. பிரஷர் மாத்திரை ஒண்ணு கூட்டியிருக்கு. ரத்தம் ஏன் கொறையுதுனு பாக்க தனியா டெஸ்ட் எழுதியிருக்கு, இரும்பு மாத்திரையும் குடுத்திருக்கு. அடுத்த ஸ்கேனுக்கு துண்டு எழுதுறப்ப ஊசி குத்துற நேரமே பிசிவி எடுக்கச் சொல்லி எழுதித் தாங்கனு கேட்டேன், சரினு சொல்லிட்டாரு.

மூச்சு பழக்கமும் நடக்குது. தம்பி மகன் தான் எண்ணுறான், பாட்டி பாயில படுத்துக்கிட்டு கண்ண மூடிக்கிட்டு இருக்காங்க, ஒம்போது வரைக்கும் வந்திருக்கு.

லிந்துலை_அக்கா | அடுத்த வெள்ளி இரவு 9.20

ரொம்ப சந்தோஷம் மகள். அந்த டொக்டர் நல்ல மனுஷன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், இரும்பு மாத்திரைய அம்மா எப்ப போடுறாங்க? தேத்தண்ணியோட சேத்து போட்டா இரும்பு ஒடம்புல ஏறாது, தேயிலச் சாயம் அத புடிச்சு வச்சுக்கும். மாத்திரைக்கு முந்தியும் பிந்தியும் ரெண்டு மணி நேரம் தேத்தண்ணி ஆகாது. தேசிக்காத் தண்ணியோட போட்டா நல்லா ஏறும்.

மஸ்கெலியா_மக | அடுத்த வெள்ளி இரவு 9.31

அக்கா, காலையில அஞ்சு மணிக்கு சாயத்தண்ணி குடிச்ச கையோட தான் போடுறாங்க. நாளையில இருந்து ராத்திரி படுக்கப் போறப்ப குடுக்குறேன், பின்னால தோட்டத்துல தேசி மரம் இருக்கு.